கதவில் கட்டிய ஷிஃப்ட்

7

"பங்கு போடறதுன்னு அர்த்தமாம் சார்," என்றாள் ஷில்பா.

"எது?"

"ஷிஃப்ட். ஆதி காலத்து இங்கிலீஷ்ல அப்பன் நிலத்தை அண்ணன் தம்பி பங்கு போட்டுக்கறதுக்கு அந்த வார்த்தையாம். அப்புறம் வேலையைப் பங்கு போட்டாங்க. பொழுதைப் பங்கு போட்டாங்க. கடைசியா நம்ம ஊரு ஆளுங்களைப் பங்கு போட்டு பூமிக்குள்ள இறக்கிட்டாங்க."

மாணிக்கராஜ் போலீஸ் ஸ்டேஷன் படியேறினான். கோலார் தங்கவயலின் ஆண்டர்சன்பேட்டையில் ஒரு செருப்புக் கடைக்கு மேலே அவனுடைய துப்பறியும் அலுவலகம். வருவதெல்லாம் கல்யாண விசாரணை. மாப்பிள்ளை குடிக்கிறானா, பெண்ணுக்கு முன்னால் ஏதாவது உண்டா. அதிலேயே ஒரு பதிலை எழுதிவிட்டு, சரியாகத்தான் எழுதினோமா என்று ராத்திரியெல்லாம் புரண்டு படுக்கிற ஆள் அவன். இப்போது ஒரு பெண்ணின் அம்மா கேட்டுக்கொண்டதால் அவன் கையில் ஒரு கொலை வழக்கு. கைதாகி உள்ளே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண் ஷோபாவுக்கு இருபத்து மூன்று வயது.

ஷில்பா அவனுடைய உதவியாளர். சாயங்காலம் சர்ச் ஹாலில் இங்கிலீஷ் வகுப்புக்குப் போகிறாள். ஒரு சாதாரண வார்த்தையை எடுத்து, அதன் அர்த்தம், பிறப்பு, புழக்கம் மூன்றையும் இன்று வகுப்பில் பேச வேண்டும்.

"நாலு மணிக்கு அவளை கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்," என்றார் இன்ஸ்பெக்டர். "அதுக்குள்ள உனக்கு ஏதாவது தோணுச்சுன்னா சொல்லு. தோணலைன்னா டீ குடிச்சிட்டுப் போ."

வழக்கு இதுதான். ஊரிகத்தில், சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிக்கொடுத்த லைன் வீடு ஒன்றில் ஷோபாவின் மாமனார் சௌந்தரராஜன் செத்துக் கிடந்தார். தங்கச் சுரங்கத்தில் ஒரு ஷிஃப்ட் ஆட்களையே வேலை வாங்கும் ஷிஃப்ட் பாஸாக இருந்து ஓய்வு பெற்றவர். கல்தூசு தின்ற நுரையீரல். நாலைந்து வருஷமாகக் குரலே எழும்பாது. யாரோ வெளித் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டார்கள். மூச்சு மருந்து தீர்ந்து, தண்ணீர் தீர்ந்து, கதவின் அடியில் சுருண்டு கிடந்திருக்கிறார். கையில் பித்தளை டம்ளர். கதவின் உள்பக்கம் அவர் கைக்கு எட்டிய உயரத்தில் மரம் குழிகுழியாக இருந்தது.

"தட்டியிருக்காரு," என்றார் இன்ஸ்பெக்டர். "ரெண்டு நாள் தட்டியிருக்காரு. லைன்ல யாருக்கும் காதுல விழலையாம்."

"துண்டு?"

இன்ஸ்பெக்டர் மேசையில் இருந்த பிளாஸ்டிக் பையை நகர்த்தினார். உள்ளே வெள்ளைத் துண்டு ஒன்று, முடிச்சு அவிழாமல்.

அந்தத் துண்டுதான் வழக்கின் நடுநாயகம். சௌந்தரராஜனின் மகன் ராஜ்குமாருக்கு பெங்களூரு பக்கம் ஒரு ஃபேக்டரியில் நைட் ஷிஃப்ட். காலை ரயிலில் வந்து படுப்பான். நைட் ஷிஃப்ட் ஆள் தூங்குகிற வீட்டின் தாழ்ப்பாளில் துண்டு கட்டுவது அந்த லைனின் பழைய வழக்கம். துண்டைப் பார்த்தால் யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள். அம்மி சத்தம் கேட்காது. பிள்ளைகளை லைனின் மறுகோடிக்கு விரட்டிவிடுவார்கள். சுரங்கம் மூடிப் பல வருஷம் ஆகியும் சில வீடுகளில் அந்த மரியாதை மட்டும் மூடவில்லை.

அந்த வாரம் ராஜ்குமாருக்கு ஃபேக்டரியில் வேலை நெருக்கடி. வீட்டுக்கு வராமல் அங்கேயே தங்கிவிட்டான். லைன்காரர்களுக்கு அது தெரியாது. துண்டைப் பார்த்தார்கள், அவன் தூங்குகிறான் என்று நினைத்தார்கள். துண்டுக்கு அடியில் தாழ்ப்பாள் போட்டிருந்தது யார் கண்ணிலும் படவில்லை. மூன்றாம் நாள் ராஜ்குமாரே வந்து, யாருக்காக இந்தத் துண்டு என்று குழம்பி, அதை உருவி எடுத்துக் கதவைத் திறந்தான்.

"மாமனாருக்கும் இவளுக்கும் ஆகாது," என்றார் இன்ஸ்பெக்டர். "அம்மா வீட்டுக்குப் போறேன்னு மாலூருக்குப் போனவ நடுவுல ஒரு நாள் மத்தியானம் வந்திருக்கா. கதவுகிட்ட நின்னதை நாலு பேர் பார்த்திருக்காங்க. வேற இன்னா வேணும் உனக்கு?"

மாணிக்கராஜ் பையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான். இரண்டு முடிச்சு. ஒன்றின் மேல் ஒன்று அல்ல. விரல் நீளம் இடைவெளி விட்டு, தனித்தனியாக.

அவன் வெளியே வந்தான். புங்கமரத்தடியில் ராஜ்குமார் சவரம் செய்யாத முகத்தோடு உட்கார்ந்திருந்தான். மனைவி இருக்கும் பக்கம் முதுகைத் திருப்பியிருந்தான்.

"நீ துண்டு கட்டினா எத்தனை முடிச்சு போடுவே?"

"முடிச்சா? சும்மா சுத்தி ஒரு முடி போடுவேன். துண்டு எப்பவும் ஜன்னல் கம்பியிலதான் தொங்கினு இருக்கும். ஏன் சார், அவ எத்தனை போட்டா இன்னா? எங்கப்பன் செத்தது செத்ததுதானே?"

"ரெண்டு முடிச்சுன்னா இன்னான்னு தெரியுமா?"

"தெரியாது."

மாணிக்கராஜுக்குத் தெரியும். அவனுடைய அப்பாவும் சுரங்கத்து ஆள்தான். ஒரு முடிச்சு, சாயங்காலம் எழுந்துவிடுவார். இரண்டு முடிச்சு, டபுள் ஷிஃப்ட் அடித்துவிட்டு வந்திருக்கிறார். நாளைக்கு வரைக்கும் கதவுப் பக்கம் மூச்சு விடாதே. அம்மா அப்படிக் கட்டிய நாட்களில் அவன் வாசலிலேயே சோறு தின்றிருக்கிறான். சுரங்கம் மூடியதோடு இரண்டாம் முடிச்சு போய்விட்டது. ராஜ்குமாருக்கே தெரியாத முடிச்சு, கல்யாணமாகி நாலு மாதம் ஆன மாலூர்ப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்?

தெரிந்திருக்கலாமோ? கிழவரே சொல்லிக் கொடுத்திருந்தால்? அவன் மறுபடியும் உள்ளே போனான்.

ஷோபா தலை நிமிர்த்தாமல் சொன்னாள். அவள் தமிழில் கன்னடம் கலந்திருந்தது. "முடிச்சு எல்லாம் நங்கொத்தில்ல சார்... எனக்குத் தெரியாது. வந்த புதுசுல ஒரு வீட்டுக் கதவு தட்டிட்டேன், தீப்பெட்டி கேக்க. உள்ள ஆளு மலகிதாரே... தூங்கறாங்கன்னு தெரியாது. பக்கத்து வீட்டு வெங்கடம்மா வந்து கன்னத்துல அடிச்சாங்க. எல்லாரும் நின்னு சிரிச்சாங்க. அப்புறம் நான் அந்த லைன்ல எந்தக் கதவும் தட்டலை."

"அன்னைக்கு எதுக்கு வந்தே?"

"துணி எடுக்க. துண்டு பார்த்தேன். அவ்ரு தூங்கறாருன்னு நினைச்சேன். ஃபேக்டரியில தங்கினது எனக்குத் தெரியாது. அவ்ரு தூங்கினா போன் ஆஃப் பண்ணிடுவாரு. திரும்பிப் போயிட்டேன்."

"உள்ளேயிருந்து ஏதாவது சத்தம் கேட்டுச்சா?"

அவள் கால் கட்டைவிரலையே பார்த்தாள். "இல்ல சார்."

அந்த 'இல்ல' மாணிக்கராஜுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் மணி இரண்டு.

ஸ்கூட்டரை ஷில்பா ஓட்டினாள். பின்னால் மாணிக்கராஜ்.

"இன்னொரு அர்த்தம் கேளுங்க சார். அந்தக் காலத்து வெள்ளைக்காரிங்க உள்ள போட்டுக்கற தொளதொள பாவாடைக்கும் ஷிஃப்ட்னுதான் பேராம். அடிக்கடி மாத்தறதால. இதை எப்படி சார் சர்ச் ஹால்ல பாஸ்டர் முன்னாடி சொல்றது?"

"சொல்லாதே."

"புழக்கம்னு ஒரு பாகம் இருக்கு சார். பெங்களூருல ஷிஃப்ட்னா வீடு மாத்தறது. கம்ப்யூட்டர்ல ஷிஃப்ட்னா சின்ன எழுத்தைப் பெரிய எழுத்தாக்கறது. கே.ஜி.எஃப்.ல ஷிஃப்ட்டை வெச்சுத்தான் மணியும் தெரியும், ஆளும் தெரியும். எங்க மாமா பொண்ணு பார்க்கப் போனப்பவே பொண்ணோட அப்பா, 'பையன் எந்தூரு'ன்னு கேக்கல, 'எந்த ஷிஃப்ட்டு'ன்னுதான் கேட்டாராம். தந்திரம்னும் ஒரு அர்த்தம் இருந்திருக்கு. நம்பக் கூடாத ஆளை 'ஷிஃப்டி'ன்னு சொல்லுவாங்க. இந்த கேஸுக்கு எல்லா அர்த்தமும் பொருந்துது. பாவாடை ஒண்ணுதான் உதைக்குது."

"வண்டியை நிறுத்து."

ஊரிகம் ஸ்டேஷனைத் தாண்டி லைன் வீடுகள் தொடங்குகிற இடத்தில், பால் பாக்கெட் கிரேட்களைப் பைக்கில் கட்டிக்கொண்டிருந்தான் ஃப்ரெடி. காலையில் லைன் முழுக்கப் பால் போடுகிறவன்.

"சௌந்தரராஜன் வீட்டுக்குப் போட்டியா?"

"டெய்லி போடுவேன் சார். துண்டு கட்டியிருந்தா கூப்பிட மாட்டேன். ஜன்னல் திட்டுல வெச்சிட்டுப் போயிடுவேன்."

"அந்த ரெண்டு நாளும்?"

"வெச்சேனே. ஆமா, பெரியவர் செத்தாருன்னு கேட்டதும் எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சி. எடுத்து குடிச்சிட்டுத்தானே இருந்தாருன்னு..."

"குடிச்சாருன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"மறுநாள் போறப்ப முந்தின நாள் பாக்கெட் இல்லையே சார்."

மாணிக்கராஜ் அப்படியே நின்றான். வெளியே தாழ்ப்பாள். ஜன்னலில் கம்பி, உள்ளே கொசுவலை அடித்திருந்தது. உள்ளே இருந்தவர் கை நீட்டிப் பாலை எடுத்திருக்க முடியாது. பால் திட்டிலேயே சேர்ந்திருந்தால் இரண்டாம் நாளே யாராவது துண்டைச் சந்தேகப்பட்டிருப்பார்கள். யாரோ பாலை எடுத்திருக்கிறார்கள். அதை எடுக்க யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்த யாரோ.

"பூனை சார்," என்றாள் ஷில்பா.

"பூனை பாக்கெட்டோட தூக்கிட்டுப் போவாது. ஃப்ரெடி, அந்த லைன்ல உன்கிட்ட பால் வாங்காத வீடு எது?"

"எல்லாரும் வாங்குவாங்க. வெங்கடம்மா மட்டும் வாங்காது. புருஷன் செத்ததுல இருந்து வரக்காப்பிதான் சார் அந்தம்மாவுக்கு. இன்னா கெஞ்சினாலும் வாங்காது."

லைன் வீடுகள் தகரக் கூரையோடு ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. ஒரு சுவர், அந்தப் பக்கம் ஒரு குடும்பம், இந்தப் பக்கம் ஒரு குடும்பம். வாசலில் முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள் வெங்கடம்மா. அறுபத்தைந்து வயது இருக்கும். எலும்பும் தோலுமான உடம்பில் கண்கள் மட்டும் கூர்மை.

"வா நைனா. நேத்தும் போலீஸ் வந்துச்சி. நான்தான் சொன்னேனே, அந்தக் கன்னடத்துக்காரி வந்து நின்னதை. வெயில்ல வந்துகீறீங்க, மோர் குடிங்க."

உள்ளே போய் இரண்டு லோட்டாவில் கொண்டுவந்தாள். கெட்டி மோர். கறிவேப்பிலை கிள்ளிப் போட்டிருந்தாள். ஷில்பா ஒரே மடக்கில் பாதியைக் குடித்துவிட்டு, "ஆஹா, எருமைக்கே தெரியாது இவ்வளோ கெட்டியா மோர்..." என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டாள். லோட்டாவை மெதுவாகத் திண்டில் வைத்தாள். மாணிக்கராஜ் தன்னுடையதைத் தொடவில்லை.

"பாட்டிம்மா, பால் வாங்கறதில்லைன்னு ஃப்ரெடி சொன்னான்."

"அவன் கெடக்கறான்."

"அப்போ இது?"

"ஷோபாதான் குடுத்துச்சி. போன வாரம். உறைக்கு ஊத்திவெச்சேன்."

"போன வாரம் பூரா ஷோபா மாலூர்ல இருந்துச்சி. ஒரு மத்தியானம் வந்து நின்னுச்சி, நீங்களே சொன்னீங்க. வெறுங்கையோட வந்ததா, பால் பாக்கெட்டோட வந்ததா?"

வெங்கடம்மா அரிசியில் ஒரு கல்லைக் கண்டுபிடித்து வெளியே எறிந்தாள். அடுத்த கல்லைத் தேடினாள்.

மாணிக்கராஜ் லோட்டாவைப் பார்த்தான். ஒரு லோட்டா மோரை வைத்து ஒரு கிழவியின் தலையில் கொலையைக் கட்டுகிறோமா? தப்பாக இருந்தால்? ஆனாலும் கேட்டான்.

"டபுள் ஷிஃப்ட்டுக்கு ரெண்டு முடிச்சு. அது ராஜ்குமாருக்கே தெரியல. உங்க வீட்டுக்காரருக்கு நீங்க கட்டியிருப்பீங்க இல்ல?"

"கட்டியிருக்கேன்." முறத்தைக் கீழே வைத்தாள். குரல் கொஞ்சமும் மாறவில்லை. "கடைசியாக் கட்டணும்னு துண்டைத் துவைச்சி காயப்போட்டு வெச்சிருந்தேன். டபுள் முடிச்சிட்டு வந்து தூங்குவாருன்னு. முடியலை, ஜுரம், ஒரு ஷிஃப்ட்டோட அனுப்பிடுங்கன்னு கேட்டாரு. அனுப்பலை, அப்போ ஷிஃப்ட் பாஸா இருந்த அந்தாளு. ரெண்டாவது ஷிஃப்ட்ல கல்லு வெடிச்சி மூடிக்கிச்சி. உடனே உயிர் போயிடுச்சி, வலியே இல்லைன்னு வந்து சொன்னாங்க. அதை நம்பித்தான் இத்தினி வருஷம் இருந்தேன்."

"அப்புறம்?"

"போன மாசம் குழாயடியில அந்தாளு மருமகளுக்குப் பெருமை பேசினாரு. குரல்தான் இல்லையே, புஸ்ஸு புஸ்ஸுன்னு. 'நான் ஷிஃப்ட் பாஸா இருந்தப்போ ஒரு நிமிஷம் முந்தாது, ஒரு நிமிஷம் பிந்தாது. ஒரு தடவை மூடின பாறைக்குப் பின்னால டொக்கு டொக்குன்னு சத்தம். ஆளுங்க நிக்கலாம்னாங்க. ஷிஃப்ட் முடிஞ்சிடுச்சி, அடுத்த ஷிஃப்ட் பாத்துக்கும்னு எல்லாரையும் கேஜ்ல ஏத்தி மேல அனுப்பிட்டேன். அடுத்த ஷிஃப்ட் எறங்கறப்போ சத்தம் நின்னு போச்சி. டிசிப்ளின்னா அதான்'ன்னாரு. பின்னால நான் குடம் வெச்சினு நின்னுகினு இருந்தேன். அந்தாளுக்கு நான் யார் பொண்டாட்டின்னு கூட ஞாபகம் இல்லை நைனா."

ஷில்பா தன் லோட்டாவை இன்னும் தள்ளி வைத்தாள்.

"மகன் ரெண்டு நாளா வரலை. மருமக ஊர்ல. காலைல எழுந்தேன். தாழ்ப்பாளைப் போட்டேன். ஜன்னல்ல தொங்கின துண்டை எடுத்துக் கட்டினேன், ரெண்டு முடிச்சு. எனக்கு வேற மாதிரிக் கட்ட வராது. அப்புறம் இங்கதான் உக்காந்துகினு இருந்தேன்."

"பாலை ஏன் வெச்சுக்கிட்டீங்க? சாக்கடையில கொட்டியிருந்தா நான் வந்திருக்கவே மாட்டேன்."

முதல் தடவையாக அவள் முகம் சுருங்கியது. "பாலை எப்பிடிக் கொட்டறது? பாவம் இல்லையா?"

மாணிக்கராஜ் இன்ஸ்பெக்டருக்குப் போன் செய்தான். மணி மூன்று ஆகவில்லை. ஷோபா தப்பித்துவிட்டாள். அவனுக்கு நிம்மதியாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

"சத்தம் உங்களுக்கு மட்டும்தான் கேட்டுச்சா?" என்று கேட்டுவிட்டான்.

வெங்கடம்மா சிரித்தாள். "ஒத்தச் சுவரு நைனா. மொத நாளு எல்லாருக்கும் கேட்டுச்சி. எதிர் வீட்டுப் புள்ள, 'அந்தத் தாத்தா கதவைத் தட்டறாரு'ன்னு சொல்லிச்சி. தூங்கற வீட்டுக்கிட்ட இன்னா சத்தம்னு அவங்கம்மா அதை அறைஞ்சா. எல்லாருக்கும் தெரியும். துண்டு இருந்துச்சி, அவங்களுக்கு அது போதும். உன் மாலூர்க்காரிக்கும் கேட்டுச்சி. 'யாரோ தட்டறாங்க'ன்னா. தட்டறது எலி, நீ தட்டினா மறு கன்னம்னேன். போயிட்டா."

வேலை முடிந்துவிட்டது என்பதுபோல அவள் மீதி அரிசியைப் புடைத்து உள்ளே கொண்டுபோய் வைத்தாள். ஜீப் வந்தபோது தானே நடந்து போய் ஏறினாள். லைனில் ஒவ்வொரு வாசலிலும் ஆட்கள் நின்றார்கள். வெங்கடம்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அவள் பார்வை பட்ட வாசலில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள்.

கொஞ்ச நேரத்தில் ஆட்டோவில் ராஜ்குமாரும் ஷோபாவும் வந்து இறங்கினார்கள். ராஜ்குமார் மாணிக்கராஜின் கையைப் பிடித்துக்கொண்டான். "தப்பா நெனச்சிட்டேன் சார். லைனே சேர்ந்து சொல்லிச்சி, நம்பிட்டேன்." பிறகு மனைவியிடம் திரும்பி, "வா, வீட்டுக்குப் போலாம். யாருக்கும் கேக்கலை, நீ இன்னா பண்ணுவே," என்றான்.

"எனக்குக் கேட்டுச்சு," என்றாள் ஷோபா.

ராஜ்குமாரின் கை அவள் தோளை நோக்கி வந்துகொண்டிருந்தது. பாதியில் நின்றது. அப்படியே இறங்கி சட்டைப் பையைத் தடவியது. அவன் திரும்பி, ஆட்டோக்காரனிடம் காசு கொடுக்கப் போவதுபோல நடந்தான். ஆட்டோ ஏற்கெனவே போய்விட்டிருந்தது. அவன் நிற்காமல் ஸ்டேஷன் பக்கம் நடந்துகொண்டே இருந்தான்.

ஷோபா அவன் போவதைப் பார்த்தாள். பிறகு தன் வீட்டுக்குப் போகவில்லை. லைனின் முதல் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினாள்.

உள்ளே ஓடிக்கொண்டிருந்த டி.வி. சத்தம் தாழ்ந்தது. யாரும் வரவில்லை. மறுபடி தட்டினாள். அடுத்த வீட்டுக்குப் போனாள். அங்கே பாத்திரம் துலக்கும் சத்தம் நின்றது. அதற்கடுத்த வீட்டில் யாரோ இருமலை அடக்கினார்கள்.

மாணிக்கராஜ் ஓரடி முன்னால் எடுத்து வைத்தான். ஷில்பா அவன் சட்டைக் கையைப் பிடித்தாள். "விடுங்க சார்," என்றாள்.

நாலாவது கதவு திறந்தது. ஒரு சின்னப் பெண் எட்டிப் பார்த்தாள். அவள் பின்னால் ஒரு வளையல் கை வந்து அவளை உள்ளே இழுத்தது. கதவு மூடிக்கொண்டது, உள்தாழ்ப்பாள் விழுந்தது, ஓர் அறை விழுந்த சத்தமும் கேட்டது. குழந்தை அழவில்லை.

ஷோபா அந்தக் கதவின் முன் கொஞ்ச நேரம் நின்றாள். புறங்கையில் தோல் உரிந்திருந்தது. புடவையில் துடைத்துக்கொண்டு அடுத்த கதவுக்குப் போனாள்.